ஆறடி எட்டங்குலம்

2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 18 ஆம் நாள், கலாநிதி நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் தமது எண்பத்தொன்பதாவது வயதிற் காலமானார். செய்தி வெளியான பொழுது வல்வெட்டித்துறையில் முதியோர் சிலர் உண்மையாகவே கலங்கினர், இளைஞர் பலரோ, “யார் அவர்?” என வினவினர். இளைஞரைக் குறைகூறுவதற்கில்லை. அவர் பாய்ந்ததைக் கண்டோர் இன்று மிகச் சிலரே. நானும் கண்டேனல்லேன், நான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய கதை அது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராக இருந்த எதிர்வீரசிங்கம், 1952 இல் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்காகப் பங்குபற்றினார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. 1956 இல் மெல்பேணுக்கும் சென்றார். 1958 இல் ரோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம் பாய்ந்து, ஆசிய விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டிக் கொடுத்தார்.

இவ்வெற்றியின் காலத்தை நேயர்கள் கவனித்தல் வேண்டும். ரோக்கியோ விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. அதே நாள்களிலேதான் தென்னிலங்கையில் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27 இல் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பில் ஏதிலிகளான தமிழர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். எந்நாட்டின் பெயரை மார்பில் தாங்கி ஒரு தமிழ் இளைஞன் கோலைக் கடந்தானோ, அந்நாட்டில் அவன் இனத்தவர் வீடுகள் எரிந்தன. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தார் அப்பதக்கத்தை எத்தகைய மனத்துடன் கொண்டாடியிருப்பர் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. வெறும் பெருமிதமாக அது இருந்திருக்க முடியாது.

எங்கள் ஊரில் எண்பத்தைந்து கடந்த பெரியவர் ஒருவர் உளர். சிறு பையனாக யாழ்ப்பாணத்துக்குப் போய், கூட்டத்தின் பின்னால் நின்று, ஒருவரது சைக்கிளின் கரியரில் ஏறி எதிர்வீரசிங்கம் பாய்ந்ததைப் பார்த்தவர். ரோக்கியோச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை நெடுங்காலம் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1987 இல் வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது வீட்டைவிட்டு ஓடியவர் திரும்பி வந்தபொழுது பெட்டியில்லை. அத்தகைய பழைய பத்திரிகைகளைத் தேடிப் பார்க்கலாமென்றாலோ, யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981 இலேயே எரிந்து போயிற்று. ஆகவே எம்மூர் இரசிகர்களுக்கு எஞ்சியது வாய்ச்சொல் ஒன்றே.

“தம்பி, அவர் பாஞ்சு விழுந்தது மணலுக்குள்ளை. இப்பத்தைப் பிள்ளையள் மெத்தையிலை எல்லோ விழுகினம்!” என்று அவர் சொன்னார். முதியவரின் பழம்பெருமை என்று இதனைத் தள்ளிவிடலாகாது. அதற்கு முந்திய ஆண்டு, 2023 மார்ச் 12 இல், டிக் பொஸ்பரி என்ற அமெரிக்கர் காலமானார். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் முதுகு கீழாகக் கோலைக் கடந்து 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றவர் இவர். இன்று உலகெங்கும் பாய்வோர் அவர் காட்டிய முறையையே பின்பற்றுகின்றனர். முதுகும் கழுத்தும் நிலத்தில் மோதும்படி மணலில் யார் துணிந்து விழுவார்? உயர்ந்த மெத்தைகள் வந்தமையாலேயே அம்முறை நிலைபெற்றது. எதிர்வீரசிங்கத்தின் தலைமுறையினரோ விழுந்த பின் எழுந்து நடக்க வேண்டுமென்ற கவலையையும் சுமந்துகொண்டே பாய்ந்தனர். இன்றைய 2.45 மீற்றர் உலக சாதனையோடு அன்றைய 2.03 ஐ ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குவோர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் நன்று.

மாணவர்க்கு எண் மட்டும் சொன்னால் விளங்குவதில்லை. ஆதலின் ஒருநாள் வகுப்பறைச் சுவரில் அவ்வுயரத்திற் சுண்ணக்கட்டியாற் கோடொன்று கீறினேன். வகுப்பிலே மிக நெடியவன் அதன் கீழ் நின்றான். அவன் உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதுவரை கடைசி வாங்கிற் பேசிக்கொண்டிருந்தவர்களும் எழுந்துவந்து கோட்டை அண்ணாந்து பார்த்தனர். “இதை மனுசர் தாண்டுவினமோ, சேர்?” என்றான் ஒருவன்.

அதே ரோக்கியோ விழாவில் 200 மீற்றர், 400 மீற்றர் ஓட்டங்களில் வென்ற மில்கா சிங் 2021 ஜூன் 18 இல் மறைந்தபொழுது இந்தியா முழுவதும் துக்கங் காத்தது. அவரது வாழ்வு 2013 இல் ஹிந்தித் திரைப்படமாகவே வந்துவிட்டது. எம்மவருக்குப் படம் வேண்டாம், பெயராவது இருக்கட்டும். கடல்மடி ஊராகிய வல்வெட்டித்துறை தன் நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தனை மறக்கவில்லை. 1971 இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்தி, 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்நீத்த அவர் பெயரில் இங்கு நீச்சல் தடாகமே உண்டு. கடலுக்குக் கிடைத்த நினைவு, மணற் குழிக்கும் கிடைத்தால் ஆகாதா?

விளையாட்டோடு நின்றவருமல்லர் எதிர்வீரசிங்கம். லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதியாகி, சியரா லியோன், நைஜீரியா முதலிய நாடுகளில் ஆசிரியப்பணி புரிந்தார். ஆசிரியனாகிய எனக்கு இதுவும் உவப்பான செய்தி. பெரியவருக்கோ இதிற் சிரத்தையில்லை.

மரணச் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டச் சென்றிருந்தேன். படிப்பு, பதவி, வெளிநாடு எல்லாவற்றையும் பொறுமையின்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், 2.03 மீற்றர் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அது எத்தினை அடி, தம்பி?”

“கிட்டத்தட்ட ஆறடி எட்டங்குலம், ஐயா.”

“சரியாய்த்தான் போட்டிருக்கிறாங்கள்,” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.