கறை பட்ட கலியாணச் சேலை

2017 ஆம் ஆண்டு, மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்கில் ஒரு கலியாண வீடு. சமூகப் பணிக்காக அக்கிராமத்துக்குப் போய்வந்த நாட்களில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவரின் மகள்தான் மணமகள். ஆலயத்தில் திருப்பலி முடிந்து வந்து, பந்தலில் கேக் வெட்டி எல்லோருக்கும் வைன் கொடுத்தார்கள். மணமகளை வாழ்த்தப் போன என் கை தடுமாறியதில், கிளாசில் இருந்த சிவப்பு வைன் அவளுடைய முந்தானையில் கொட்டிவிட்டது.

அது புதுச் சேலை அல்ல. அக்கா தன் திருமணத்துக்கு உடுத்த பாலேட்டு நிறப் பட்டு. 2008 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால் வரை போய், பின்னர் செட்டிகுளம் முகாமில் இருந்த காலம் முழுவதும் அதை அவர் கைவிடவில்லை. 2009 இல் கணவர் காணாமற் போனார். நகை போனது, திருமணப் படமும் போனது. "அவர் வாங்கித் தந்தது எண்டு என்னட்டை மிஞ்சினது இது ஒண்டுதான் பிள்ளை" என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் சுடுதண்ணியும் சவர்க்காரக் கட்டியுமாக ஓடி வந்தார். "வேண்டாம் பெரியம்மா, தேய்க்காதேங்கோ" என்று தடுத்தேன். பட்டும் எங்கள் தலைமயிரைப் போன்றதுதான் என்று என் அம்மா சொல்லுவார். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தின் காரம் பட்டைக் கெடுப்பதோடு வைன் கறையை நீலமாகவும் மாற்றிவிடும். சூடு கறையை இறுக்கிவிடும். தேய்த்தால் நூல் பிரியும்.

வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல ஒற்றி எடுத்தேன். துணி சிவக்கச் சிவக்கப் பக்கத்தை மாற்றினேன். பிறகு குளிர்ந்த தண்ணீரால் ஒற்றினேன். மணமகள் சேலை மாற்றி வந்ததும் ஒரு கரண்டி வெள்ளை வினாகிரியில் இரண்டு கரண்டி தண்ணீர் கலந்து, முதலில் சேலையின் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. சரிகையில் படாமல் கறையில் மட்டும் ஒற்றினேன். கடைசியாகக் குழந்தைகளின் ஷம்பூ சில துளி விட்ட குளிர்ந்த தண்ணீரில் முந்தானை முழுவதையும் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்தோம். கறை போகுமுன் அயன் பண்ணக்கூடாது என்பதையும் சொன்னேன்.

மறுநாள் பார்த்தபோது இளஞ்சிவப்பாய் ஒரு நிழல் மிஞ்சியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு சேலை வாங்கித் தருகிறேன் என்றேன்.

அக்கா சேலையைப் புரட்டி, உள்பக்கத்தில் மங்கிய ஒரு வட்டத்தைக் காட்டினார். "இது முகாமிலை மழைத்தண்ணி பட்ட அடையாளம். அதோடை இதுவும் கிடக்கட்டும். என்ரை பிள்ளையும் இதை உடுத்தவள் எண்டு தெரியுமெல்லே."

பட்டப்படிப்பு முடித்து வந்த நான் இழப்பு விபரப் படிவங்கள் எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். வீடு, மாடு, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் எழுதினேன். என்ன மிஞ்சியது என்று ஒருவரையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் பெட்டியிலும் இப்படி ஒரு சேலை இருக்கலாம். இடைக்கிடை வெளியே எடுத்து நிழலில் காற்றுப் பிடிக்க விடுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு வெடிக்கும். மடிப்பை மாற்றி வையுங்கள். நல்ல நாள் வந்தால் பயப்படாமல் உடுத்துங்கள்.