ஏழு மாசமா ஓடின பேக்கப்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொட்டி தட்டுற பதிவு. லினக்ஸ்னாலே ஓடுறவங்களும் படிக்கலாம், பயப்படாதீங்க.

வீட்டுல ஒரு பழைய டெபியன் பொட்டி, 500 ஜிபி வட்டு. குடும்பப் படம், வீடியோ எல்லாமா அதுல 215 ஜிபி. தினமும் ராத்திரி 2 மணிக்கு கிரான் எழுந்திரிச்சு ஆர்சிங்கை ஓட்டி, யூஎஸ்பியில தொங்குற வெளி வட்டுக்கு நகல் எடுத்துடும். ஸ்கிரிப்ட் நானே எழுதினது (அந்தப் பெருமை வேற). காலையில லாக் ஃபைலைத் திறந்தா 'முடிந்தது'ன்னு ஒரு வரி இருக்கும். பார்த்துட்டு காபி குடிக்கப் போயிடுவேன்.

அப்பா தவறி ஆறு மாசம் ஆகுது. கடைசி நாட்கள்ல பேத்திக்காக அவர் போன்ல பேசிப் பதிஞ்சு வெச்ச கதைகள் 11. அதையெல்லாம் பொட்டிக்கு மாத்தினேன். மறுநாள் காலையில 'முடிந்தது'. பத்திரம்னு நம்பி போனைச் சுத்தமா அழிச்சு மச்சானுக்குக் கொடுத்தாச்சு.

போன ஞாயித்துக்கிழமை பொட்டி லாகின் ஆகவே மாட்டேன்னுடுச்சு. கறுப்புத் திரையில போய் டிஎஃப் அடிச்சா வட்டு 100% ஃபுல். 215 ஜிபிக்கு எப்படிய்யா 500 நிரம்பும்? டியூ போட்டு ஒவ்வொரு ஃபோல்டரா அளந்துட்டே வந்தேன். பேக்கப் ஃபோல்டர்கிட்ட வந்ததும் வயித்தைப் பிசைஞ்சது. அதுவும் 215 ஜிபி. அதுவும் இதே வட்டுல!

நடந்தது இதுதான். ஏழு மாசம் முன்னாடி ஒரு கார்டு ரீடர் மாட்டினேன். அதுவரைக்கும் எஸ்டிபியா இருந்த வெளி வட்டு, அன்னிலேர்ந்து எஸ்டிசி ஆயிடுச்சு. எஃப்எஸ்டேப்ல நான் எழுதினது பழைய பேரு. கூடவே 'நோஃபெயில்'னு ஒரு சொல்லும் போட்டிருந்தேனா, வட்டு மவுண்ட் ஆகலைன்னாலும் பொட்டி சத்தமில்லாம எழுந்துக்கும். ஆர்சிங்குக்கு இதெல்லாம் தெரியாது. ஃபோல்டர் இருந்துச்சு, அதுக்குள்ள கொட்டுச்சு, 'முடிந்தது'ன்னுச்சு. பொய்யும் சொல்லலை பாவம். வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து, அதையும் வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டின கதை.

அப்பாவோட குரல் இந்த ஏழு வயசு வட்டுல மட்டும்தான் இத்தனை நாளா இருந்திருக்கு. தங்கமணிகிட்ட சொல்லக்கூட வாய் வரலை.

இதே மாதிரி மாட்டினீங்கன்னா அவசரப்பட்டு வெளி வட்டை அதே ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணிடாதீங்க. அடியில கிடக்குற 215 ஜிபி கண்ணுலேர்ந்து மறைஞ்சிடும், ஆனா வட்டு ஃபுல்லாவேதான் இருக்கும். தலைமுடியைப் பிச்சுக்கணும். நான் வேற ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணி முதல்ல நகல் எடுத்தேன், அப்புறம்தான் அழிச்சேன். எஃப்எஸ்டேப்ல பேருக்குப் பதிலா யூயூஐடி போட்டாச்சு, எந்த ஓட்டையில சொருகினாலும் அது மாறாது. ஸ்கிரிப்ட்ல முதல் வரியே மவுண்ட்பாயிண்ட் கட்டளை: வட்டு இல்லைன்னா ஆர்சிங்கைத் தொடாம வெளியே வா.

எல்லாம் முடிச்சு, வெளி வட்டுலேர்ந்தே ஏழாவது கதையை ஓட்டினேன். அப்பா தொண்டையைச் செருமிட்டு, "இது பதியுதா இல்லையா?"ன்னு தனக்குத்தானே கேட்டுட்டு ஆரம்பிக்கிறார். தங்கமணி அடுப்பை அணைச்சுட்டு வந்து பக்கத்துல நின்னுட்டாங்க.

இன்னொரு நகல் பென்டிரைவ்ல போட்டு அக்கா வீட்டுக்கு அனுப்பியாச்சு.