இடுப்பில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும்

அலாஸ்காவின் உட்பகுதியில் ஆறுகளின் நீரோட்டத்தை அளப்பது என் வேலை. ஃபேர்பேங்க்ஸிலிருந்து சின்ன விமானத்தில் கிளம்பி, சாலையே எட்டாத ஒரு மணல்திட்டில் இறங்கி, விமானம் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மூடுபனி பிடித்தால் நாளை வருகிறேன் என்ற விமானி நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் விசாரிப்பது துப்பாக்கியைத்தான். போன கோடையில் மதுரைப் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பையில மடக்கி வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கிடட்டுமா?"

"எதுக்கும்மா? சாப்பாட்டுக்கா, கரடிக்கா?"

அவளிடம் பதில் இல்லை. கடையில் துப்பாக்கி வாங்குகிற பலரிடமும் இருக்காது. இரண்டும் வேறு வேறு வேலைகள். பையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதான ஒரே ஆயுதம் இரண்டையும் ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

இங்கே நான் சொல்லும் மடக்குத் துப்பாக்கிகளின் வேர் விமானப்படையில் இருக்கிறது. விமானம் விழுந்து காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவனுக்கு முயலோ பறவையோ அடிக்க ஒரு கருவி வேண்டும். அமெரிக்க விமானப்படையின் எம்-6 அப்படிப் பிறந்தது. மேலே ரைஃபிள் குழல், கீழே சிறு ரவை சுடும் பாயிண்ட் 410 குழல், இரண்டும் 14 அங்குலம். விசைக்குப் பதிலாக நீளமான ஒரு பட்டை. தடித்த கையுறையோடு அப்படியே அழுத்திச் சுடலாம். குளிரில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பட்டையின் அருமை தெரியும். 1959-இல் ஆர்மலைட் நிறுவனம் ஏஆர்-7-ஐக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர். எம்-16-க்கு மூலமான ரைஃபிளை உருவாக்கியவரும் அவரே. பாயிண்ட் 22 தோட்டா. குழலும் இயந்திரப் பகுதியும் மேகஸினும் பிளாஸ்டிக் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். இப்போது ஹென்றி நிறுவனம் செய்வது மடக்கினால் சுமார் 42 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

எனக்கு அந்தத் துப்பாக்கி பிடிக்கும். ஆனால் அதன் குணம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். குழலை இயந்திரத்தோடு இறுக்குவது கையால் திருகும் ஒரு வளையம். சுடச்சுட அது தளரும். தளர்ந்தால் குறி நகரும். ஒவ்வொரு மேகஸினுக்கும் ஒருமுறை விரலால் திருகிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். தட்டை மூக்குத் தோட்டாக்கள் சிக்கிக்கொள்ளும், உருண்டை மூக்குள்ளவை சரளமாக ஏறும். எந்தத் தோட்டா தன் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறது என்பதை வீட்டுப் பக்கத்திலேயே சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்குக் கிளம்ப வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் பனிக்கட்டியில் துளை போட்டு நீரோட்டம் அளப்போம். மைனஸ் 30-இல் துப்பாக்கி எண்ணெய் கெட்டியாகி, சுத்தியல் போய் அடிக்கிற வேகமே குறைந்துவிடும். அதனால் குளிர்காலத்துக்கு முன் கரைப்பானால் எண்ணெயை முழுக்கக் கழுவித் துடைத்து, உலர்ந்த கிராஃபைட் பொடி மட்டும் போட வேண்டும். அதைவிட முக்கியம், குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கேபினுக்குள் கொண்டுவராமல் இருப்பது. உள்ளே வந்ததும் இரும்பு முழுக்க நீர் பூக்கும், இயந்திரத்தின் உட்பகுதியிலும். மறுபடி வெளியே போனதும் அந்த ஈரம் உறைந்து பூட்டுப் போட்டுவிடும். நாங்கள் தோட்டாவைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே, கூரைக்கடியில் மாட்டிவைப்போம்.

கரடிக் கணக்கு முற்றிலும் வேறு. பாயிண்ட் 22 குண்டு சுமார் இரண்டரை கிராம். 12 கேஜ் ஷாட்கனின் ஒற்றைக் குண்டு 28 கிராம். பழுப்புக் கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டர் தள்ளிப் புதரிலிருந்து கிளம்பினால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியில் முதுகுப்பைக்குள் கிடக்கும் எந்தத் துப்பாக்கியும் துப்பாக்கி அல்ல. அதனால் சின்னதா பெரியதா என்பதற்கு முன் நான் கேட்பது, உடம்பில் எங்கே இருக்கும் என்பது. ரெமிங்டன் 870 ஷாட்கன் நம்பகமானது, ஆனால் மூன்று கிலோவுக்கு மேல். அளவைக் கருவியோடு ஓடையில் இறங்குகிறவர் அதைக் கரையில் சாய்த்துவிட்டுத்தான் இறங்குவார். மார்பு உறையில் மாட்டும் பாயிண்ட் 44 மேக்னம் ரிவால்வர் கூடவே வரும், ஆனால் அதன் உதையைத் தாங்கி இரண்டாவது குண்டையும் இலக்கில் வைக்க வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

அந்த இடத்தில்தான் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே வருகிறது. டாம் ஸ்மித்தும் ஸ்டீஃபன் ஹெரெரோவும் சக ஆய்வாளர்களும் அலாஸ்கா சம்பவங்களைத் திரட்டி 2008-இல் வெளியிட்டதில், ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் நெருக்கமான சந்திப்பிலும் காயமின்றித் தப்பியிருந்தார்கள். 2012-இல் 269 துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்தபோது, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எதிர்க்காற்றில் ஸ்ப்ரே நம் கண்ணுக்கே வரும், கடுங்குளிரில் அழுத்தம் குறையும்; இருந்தும் இடுப்பில் முதலில் மாட்டச் சொல்வது அதைத்தான். விமானத்தில் அதைக் கேபினுக்குள் வைக்கக் கூடாது. கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாது. மிதவை விமானமானால் மிதவையின் அறையிலோ, இல்லையென்றால் காற்றுப் புகாத பெட்டியிலோ போகும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றால் அலாஸ்கா சட்டப்படி நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் நாமே உரித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு பெரிய உயிரைக் கொன்றதற்கு அந்த உழைப்பாவது நாம் கொடுக்க வேண்டியதுதான் என்பது என் எண்ணம்.

சரி, சாப்பாடு? காட்டு முயலில் கொழுப்பு மிகக் குறைவு. முயலை மட்டுமே தின்று நாள் கழித்தால் வயிறு நிறைந்தும் உடம்பு சோர்ந்து, வயிற்றுப்போக்கில் விழும். வடதுருவப் பயணி ஸ்டெஃபான்சன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அலாஸ்காவின் விமானச் சட்டம் ஒருகாலத்தில் அவசரப் பொருட்களில் துப்பாக்கியையும் சேர்த்திருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு வார உணவு, கோடரி, தீமூட்டி, கொசுவலை, சைகைக் கருவிகள் எல்லாம் அப்போதும் பட்டியலில் நின்றன. அந்த வரிசையோடு எனக்கு முழு உடன்பாடு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கையில் இருக்கிற காலத்தில், காத்திருக்கத் தேவை அரிசியும் எண்ணெயும் காய்ந்த விறகும்தான்.

அந்த மாணவி ஸ்ப்ரேயும், கரையில் காவல் நிற்பவருக்கென்று குழுவின் 870-உம் போதும் என்று முடிவு செய்தாள். சரளைக் குழியில் இலக்கைக் கயிறு கட்டி இழுத்து, முதுகில் பையோடு, கையுறையோடு சுடப் பழகினாள். பாயிண்ட் 22 மேல் ஆசை போகவில்லை. க்ரௌஸ் பறவைப் பருவம் வரட்டும், வேட்டை உரிமம் எடுத்துவிட்டு வாங்கிக்கொள், உருண்டை மூக்குத் தோட்டாவாகப் பார்த்து வாங்கு என்றேன்.