இதெல்லாம் யாருக்கு விக்கிறான்?

டல்லாஸ் புறநகர் ஒன்றில் நாங்கள் வீடு வாங்கிய வருடம் அப்பா வந்திருந்தார். கோயிலுக்கு அழைத்துப் போனோம், ஏரிக்கரைக்கு அழைத்துப் போனோம். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்ற ஒற்றைச் சொல்தான். ஒரு சனிக்கிழமை குழாய்க்கு வாஷர் வாங்க ஹோம் டிப்போவுக்குப் போனபோது மட்டும் மனிதர் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார். அறுத்த பைன் மரத்தின் வாசனை. கூரையைத் தொடும் இரும்பு அடுக்குகள். ஏறக்குறைய ஒரு லட்சம் சதுர அடி. நான் வாஷரைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் மின்கருவிகள் இருக்கும் பக்கம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரகாரம் சுற்றுவதுபோல் நடந்துகொண்டிருந்தார். சிவப்பு மில்வாக்கி, மஞ்சள் டிவால்ட், பச்சைநீல மகிட்டா, எலுமிச்சைப் பச்சையில் ரியோபி, ஆரஞ்சில் ரிட்ஜிட்.

"இதெல்லாம் யாருக்குடா விக்கிறான்?"

"எல்லாருக்கும்தாம்ப்பா."

"எல்லாருக்கும்னா? அப்ப ஆசாரி எங்க போய் வாங்குவாரு?"

"அவரும் இங்கதான்."

அப்பா நம்பவில்லை. அவர் நம்பாததற்குக் காரணம் இருந்தது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு நிலையும் கதவும் செய்த ஆசாரி, தன் சாக்குப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அதன் பக்கத்தில்கூட நாங்கள் போகக்கூடாது. ஏதோ பெட்டியைத் திறக்க அம்மா ஒருநாள் உளி கேட்டதற்கு, "வேற என்ன வேணாலும் கேளுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். கயிற்றைச் சுற்றி வில்லால் இழுத்துத் துளைபோடும் துரப்பணம் ஒன்று அவரிடம் இருந்தது. பிறகு மின்சாரத்தில் ஓடும் டிரில்லிங் மெஷின் வாங்கினார். அதற்காக சென்னைக்குப் பஸ் ஏறிப் போய், பாரிமுனைப் பக்கத்தில் தெரிந்த மேஸ்திரியின் பெயரைச் சொல்லி வாங்கிவந்தார் என்பது தெருவில் நாலு நாள் பேச்சு. கருவி என்பது அதைப் பிடிக்கத் தெரிந்தவனிடம் போய்ச் சேரும் பொருள் என்றுதான் அப்பா எண்ணியிருந்தார். இங்கே வாஷர் வாங்கவந்த கணினிக்காரன் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் அது தொங்குகிறது.

அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. மரமும் கருவியும் வாங்கக் கட்டடக்காரர்களுக்கு ஒரு கடை, வீட்டுக்காரனுக்குத் தெருமுனை ஹார்ட்வேர் கடை. முன்னதில் கணக்கு வைத்திருப்பவனுக்கு ஒரு விலை, முகம் தெரியாதவனுக்கு இன்னொரு விலை. ஹோம் டிப்போவைத் தொடங்கிய பெர்னி மார்க்கஸும் ஆர்தர் பிளாங்கும் தாங்கள் வேலைபார்த்த ஹாண்டி டான் கடையிலிருந்து 1978இல் வெளியேற்றப்பட்டவர்கள். மறு வருடம் அட்லாண்டாவில் இரண்டு கடைகளைத் திறந்து இந்தச் சுவரை இடித்தார்கள். சரக்கு வாங்கக் கையில் போதிய பணம் இல்லாததால் காலிப் பெட்டிகளையும் காலி பெயிண்ட் டப்பாக்களையும் அடுக்கி அலமாரியை நிறைத்தார்கள் என்று அந்தக் கடையின் பிறப்புக் கதை சொல்கிறது. போட்டியாளரான லோஸ் 1921இலேயே வட கரோலினாவில் ஒரு சிற்றூர்க் கடையாகத் தொடங்கியது. இந்தக் கிடங்கு வடிவத்துக்கு அதுவும் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று ஹோம் டிப்போவின் விற்பனையில் ஏறக்குறையப் பாதி, தொழில் செய்கிறவர்களுடையது. அப்பாவிடம் நான் சொன்னது பொய்யில்லை. ஆசாரி இங்கேதான் வாங்குகிறார், விடிகாலை ஆறு மணிக்கு, நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது.

வீட்டுக்காரன் தொழிலாளியின் கருவியைத் தொட்டது இன்னும் பழைய கதை. கைத்துப்பாக்கிபோல் பிடியும் விசையும் உள்ள மின்துரப்பணத்துக்கு பிளாக் அண்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தொழிற்சாலைகளில் அந்தத் துரப்பணங்கள் அடிக்கடி காணாமல் போயின என்றும், தொழிலாளர்கள் வீட்டு வேலைக்கு எடுத்துப் போகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் வீட்டுக்கென்று தனியாகச் செய்யும் யோசனை வந்தது என்றும் சொல்வார்கள். 1946இல் வீட்டு உபயோகத் துரப்பணம் கடைக்கு வந்தது.

வீட்டுக்காரனை இப்படி உள்ளே விட்டதற்கு அந்த நிறுவனம் பின்னால் விலை கொடுத்தது. 1984இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சிறு வீட்டு உபயோகச் சாதனங்கள் தொழிலையும் வாங்கிக்கொண்டது. ரொட்டி வாட்டும் டோஸ்டரிலும் பிளாக் அண்ட் டெக்கர், கட்டட வேலைக்குக் கொண்டுபோகும் துரப்பணத்திலும் பிளாக் அண்ட் டெக்கர். கருவியில் குறையில்லை என்றுதான் சோதனைகள் காட்டின. ஆனால் மனைவியின் சமையலறையில் இருக்கும் பெயரைச் சக தச்சர்களின் நடுவே எடுக்க தச்சனுக்குக் கூச்சமாக இருந்தது. தொழில்முறைக் கருவிச் சந்தையில் பாதியளவு மகிட்டாவிடம் போயிருந்தது. அப்போது நிறுவனம் ஒரு காரியம் செய்தது. 1960இல் வாங்கிப் போட்டிருந்த ஒரு பழைய பெயரை, ரேமண்ட் டிவால்ட் என்பவர் 1924இல் தொடங்கிய மர அறுப்பு இயந்திரக் கம்பெனியின் பெயரை, எடுத்துத் தூசி தட்டி, மஞ்சள் வண்ணம் பூசி, 1992இல் இறக்கியது. வென்றும்விட்டது. 'புரொஃபஷனல்' என்ற சொல்லில் இரும்பு எவ்வளவு, வண்ணம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. இதைச் சொல்லிக்கொண்டே நானும் போய் மஞ்சளைத்தான் வாங்கினேன்.

வாங்கியது இப்படி. மாமனார் படத்தைக் கூடத்தில் மாட்டவேண்டும். நம்மூர்ப் பழக்கத்தில் சுவர் என்றால் செங்கல், செங்கல்லில் துளை என்றால் அடித்துக்கொண்டே சுழலும் ஹாமர் டிரில். ஆரஞ்சு ஏப்ரன் அணிந்த பெரியவர் ஒருவர் வந்தார். தச்சராக இருந்து ஓய்வுபெற்றவராம். என்ன வேலைக்கு என்று கேட்டார். படம் மாட்ட என்றேன். "வீடு எப்போது கட்டியது?" சொன்னேன். "சுவரை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கனக்கும் இடத்தில் கட்டை இருக்கும். அதில் ஒரு ஆணி போதும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஹாமர் டிரில்லை வண்டியில் எடுத்து வைத்தேன். இரண்டு பேட்டரி, சார்ஜர், கறுப்பு மஞ்சள் பை.

வீட்டுக்கு வந்து சுவரில் வைத்து விசையை அழுத்தினேன். பிட், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கி, கருவியின் மூக்கே சுவரில் முட்டியது. அரை அங்குல ஜிப்சம் பலகை. பின்னால் வெறும் காற்று. பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரக்கட்டை நிற்கிறது, அவ்வளவுதான் வீடு. அந்தக் கட்டைக்குப் பெயர் 'இரண்டுக்கு நாலு'. அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை. மாமனாரின் படம் இன்றைக்கும் அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் தொங்குகிறது. மனைவி கேட்டபோது வாஸ்து என்று சொல்லிவிட்டேன்.

பெயரில் ஒன்று, அளவில் ஒன்று என்பது பேட்டரியிலும் உண்டு. என்னுடையதில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவை வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள். முழுக்கச் சார்ஜ் ஏறி, சுமை இல்லாமல் சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நாலு வோல்ட். வேலைசெய்யும்போது சராசரியாக 3.6. ஆக, ஐந்து நாலு இருபது என்பது பெட்டியின் கணக்கு, பதினெட்டு என்பது வேலையின் கணக்கு. இதே பேட்டரி ஐரோப்பாவில் 18 வோல்ட் என்ற பெயரில்தான் விற்கிறது. மில்வாக்கியும் மகிட்டாவும் பதினெட்டு என்றே எழுதுகின்றன. அவற்றின் பக்கத்தில் மஞ்சள் இரண்டு வோல்ட் உயரமாக நிற்கிறது.

அலுவலக நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். பெரிய கடைகளுக்கென்று கம்பெனிக்காரன் மட்டமாகத் தனியே செய்து அனுப்புகிறான், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், அசல் வேண்டுமென்றால் தொழிலாளர்கள் வாங்கும் தனிக்கடைக்குப் போகவேண்டும் என்று. இந்த ஊரில் இது ஓர் உறுதியான நம்பிக்கை. கொஞ்ச காலம் நானும் நம்பினேன். கம்பெனிகள் மறுக்கின்றன. அது கிடக்கட்டும், யோசித்தாலும் நிற்கவில்லை. ஒவ்வொரு மாடல் எண்ணுக்கும் உதிரிபாகப் படம் ஒன்று உண்டு. ஒரே எண்ணில் இரண்டு விதமாகச் செய்தால் பழுது பார்க்கிறவன் எந்தப் பல்சக்கரத்தை வரவழைப்பான்? எண் ஒன்றென்றால் கருவியும் ஒன்றுதான்.

ஆனால் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நண்பரின் நம்பிக்கை அங்கேதான் வேர் பிடிக்கிறது. தள்ளுபடிக் காலங்களில் கடை நடுவில் கோபுரமாக அடுக்கிவைத்து நூறு டாலர் அளவில் விற்பது டிசிடி 771 என்ற மஞ்சள் துரப்பணம். அதில் கரிப்பிரஷ் வைத்த பழைய வகை மோட்டார். கூட வரும் பேட்டரிகள் 1.3 ஆம்பியர்-மணி. சற்றுத் தள்ளி, ஏறக்குறைய அதே முகத்தோடு டிசிடி 791. அதில் பிரஷ் கிடையாது. தேய்வதற்கு கரி இல்லை, உராய்வுச் சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை. இரண்டும் மஞ்சள், இரண்டும் ஒரே பெயர். எட்டடி தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்லமுடியாது, இரட்டையர் என்போம். யாரும் ஏமாற்றவில்லை, பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. வாசிக்கிறவர்கள்தான் குறைவு. வண்ணங்களுக்குள் ஜாதி பிரிப்பவர்களுக்கு இன்னொன்று: தொழிலாளியின் சிவப்பு மில்வாக்கி, வீட்டுக்காரனின் பச்சை ரியோபி, இடையில் நிற்கும் ஆரஞ்சு ரிட்ஜிட் மூன்றையும் செய்வது ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரே நிறுவனம். ரியோபி என்பது ஜப்பானியப் பெயர், உரிமம் பெற்று ஒட்டியது. கேலி செய்யப்படும் அந்த ரியோபிதான் 1996இலிருந்து தன் 18 வோல்ட் பேட்டரியின் வடிவத்தை மாற்றாமல் வைத்திருக்கிறது.

அந்தக் கடையில் நான் பார்க்காதவையும் உண்டு. ஜெர்மனியின் ஃபெஸ்டூல் எங்கள் ஊர்ப் பெரிய கடையில் என் கண்ணில் பட்டதில்லை. கான்கிரீட்டில் நாள் முழுக்கத் துளைபோடுகிறவர்களின் ஹில்டி, பெரும்பாலும் தன் ஆட்களை வேலையிடத்துக்கே அனுப்பி விற்கிறது. மாதக் கட்டணம் கட்டினால் போதும், பழுதானால் அவர்கள் பொறுப்பு. அந்தத் தொழிலாளிக்குக் கருவி வலுவாக இருப்பது மட்டும் போதாது. அது படுத்துக்கொண்டால் நாளைக் காலைக்குள் யார் எழுப்புவார் என்பதுதான் அவன் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வியே வராது. என் துரப்பணம் படுத்தே கிடப்பது.

வருடத்தில் ஒருநாள் எழும். ஆயுத பூஜையன்று காரேஜில் கார், லேப்டாப், அரிவாள்மணை எல்லாவற்றோடும் அதையும் வரிசையில் வைத்து, சந்தனம் குங்குமம் இடுவோம். எங்கள் ஆசாரி அந்த ஒருநாள்தான் உளியைத் தொடமாட்டார். என்னுடையது அந்த ஒருநாள்தான் பைக்கு வெளியே வரும்.

போன ஏப்ரலில் ஆலங்கட்டி மழையோடு வந்த காற்று பின்புற வேலியைச் சாய்த்தது. இந்தக் கடைகளின் வண்டி நிறுத்துமிடத்தில் காலைவேளையில் பத்திருபது பேர் வேலைக்காகக் காத்து நிற்பார்கள், பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம்மூர் நாற்சந்திகளில் சித்தாள்கள் தூக்குச் சட்டியோடு நிற்பார்களே, அதேதான். அவர்களில், பக்கத்து வீட்டுக்காரர் வழியாகத் தெரிந்த ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய பையிலும் என்னுடைய அதே மஞ்சள்தான். மஞ்சள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும். சிமெண்டும் வியர்வையும் ஏறிச் சாம்பலாகியிருந்தது. பிடியின் ரப்பர் தேய்ந்த இடத்தில் துணி டேப். அடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து.

மதியத்துக்குள் அவர் பேட்டரிகள் இரண்டும் தீர்ந்தன. சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருந்தவரிடம் என் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்து, பேட்டரியை மட்டும் எடுக்கப் போனவர், முழுக் கருவியையும் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிடியில் அதற்கு முந்தைய அக்டோபர் மாதத்துக் குங்குமம். "ரத்தமா?" என்றார் கவலையாக. இல்லை, பூஜை என்பதை என் ஸ்பானிஷில் சொல்ல முடியவில்லை. கைகூப்பிக் காட்டினேன். அவர் தலையசைத்து, கட்டைவிரலால் தன் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அதைக் கையில் பிடித்தபடியே வேலிக்குப் போனார்.

சாயங்காலம் வரை அதில்தான் வேலைசெய்தார். வேலிக் கதவின் கீல் அத்தனைக்கும் திருகாணி முடுக்கினார். ஒருமுறை ஏணியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார். போகும்போது சட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அடிப்பக்கம் நீளமாக ஒரு கீறல், மூக்கின் இடுக்குகளில் சீடார் மரத்தூள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "நல்ல மெஷின்" என்றார்.

மறுவாரம் அலுவலக நண்பர் வீட்டுக்கு வந்தார். காரேஜில் அலமாரிமேல் கிடந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, கீறலைத் தடவி, புது வேலியையும் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வேலியெல்லாம் நீங்களே போடுவீங்களா?"

காப்பி ஆறுகிறது, உள்ளே வாருங்கள் என்றேன்.