கரிசலில் ஓர் அறை

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையை விட்டு இறங்கினால் கரிசல் காடு. உளுந்தும் மக்காச்சோளமும் எடுத்து முடித்த நிலம் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே 10-க்கு 12 அடியில் தங்கல் அறை ஒன்று கட்ட நண்பருக்கு ஆசை. கொத்தனார் அளவு நாடாவைத் தொடவே இல்லை. நீளக் கம்பியை ஒரு வெடிப்புக்குள் விட்டார். இடுப்பளவு இறங்கியது.

"கண்ணுக்குத் தெரியிற வெடிப்பே இம்புட்டு. மழை பெய்ஞ்சா இம்புட்டும் உப்பும் சார்."

"சின்ன ரூம்தானே அண்ணாச்சி, ரெண்டடி வானம் தோண்டிக் கல்லைப் போட்டா போதாதா?" என்றார் நண்பர்.

"சின்னதா இருக்கதுதான் தம்பி தொந்தரவு. மாடி வீட்டைத் தூக்க மண்ணு திணறும். இதைச் சோத்துப்பானை மூடி மாதிரி தூக்கிரும்."

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் அதிகம். அதன் ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் விரியும், வற்றினால் சுருங்கும். நாலு மூலையும் ஒன்றுபோல ஏறி இறங்கினால் சேதமில்லை. ஆனால் ஐப்பசி மழையில் சுவரோரம் முதலில் நனைகிறது. அறைக்கு அடியில் நடுமண் காய்ந்தே இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் சுவரை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பிளக்கும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் விரல் நுழையும் அகலத்துக்கு அப்படி ஒரு கீறல் ஓடியிருந்தது.

சோதனைக் குழி தோண்டினார்கள். நாலைந்து அடியில் கெட்டியான சுக்கான் தட்டுப்பட்டிருந்தால் கரிசலை அள்ளிவிட்டு அதன்மேலேயே கல் கட்டடம் எழுப்பியிருக்கலாம். ஆறடிக்கு மேலும் கறுப்பாகவே வந்தது. மிஞ்சியவை இரண்டு வழிகள்: மண்ணோடு சேர்ந்து ஆடினாலும் பிளக்காத தகரக் கொட்டகை, அல்லது அடியில் குமிழ் வைத்த பைல் என்னும் கான்கிரீட் தூண். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்தது இந்தப் பைல் முறை. நண்பருக்குச் செங்கல் சுவர்தான் வேண்டும்.

பைல் போடும் நாளில் மறுபடி போனேன். நான்கு பேர் கைப்பிடியைப் பிடித்து அகர் என்னும் துளைக் கருவியைச் சுற்ற, 10 அங்குலத் துளை 3.5 மீட்டர் வரை இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் ஈரம் பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதில்லை. பிறகு விரியும் கத்திகளை இறக்கி, துளையின் அடியை இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்தார்கள். மேல்மண் உப்பிப் பைலைத் தூக்கப் பார்த்தாலும் அந்தக் குமிழ் இழுத்துப் பிடிக்கும். குடைந்து முடிந்ததை எட்டிப் பார்க்க வழியில்லை. கைப்பிடி லேசாகிவிட்டதை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். கம்பிக்கூடு இறக்கி அன்றைக்கே கான்கிரீட்டும் ஊற்றியாயிற்று.

பைல்களின் தலைகளை இணைக்கும் பெல்ட்டுக்கு அடியில் மூன்று அங்குல இடைவெளி விட்டார் கொத்தனார். "அது எதுக்கு அண்ணாச்சி? மண்ணைப் போட்டு அடைச்சிரலாமே" என்றார் நண்பர்.

"மண்ணு உப்புறதுக்கு எடம் வேணும்லா. அடைச்சா பெல்ட்டத் தூக்கும். பைல் போட்ட காசு தண்டம்."

கிளம்பும்போது இன்னும் இரண்டு நிபந்தனைகள் போட்டார்: கூரைத் தண்ணீர் சுவரோரம் விழக்கூடாது, ஈரத்தை உறிஞ்சும் மரம் பக்கத்தில் நிற்கக்கூடாது. நிழலுக்கென்று நண்பர் வாங்கி வைத்திருந்த வேப்பங்கன்றுக்கு வரப்போரம் குழி வெட்டச் சொல்லிவிட்டோம்.