டியூப் வால்வும் துருவக் காற்றும்

நாமக்கல்லில் லாரி டயர் பஞ்சர் கடைதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. வளிமண்டல ஆய்வு பழகப் போன முதல் நாளே சார் அந்தக் கடையைப் பற்றித்தான் கேட்டார்.

“தம்பி, கம்ப்ரசர் தலையைத் தொட்டிருக்கியா?”

“கை சுட்டுடுங்க சார்.”

“வால்வைக் கழட்டினா?”

“காத்து சில்லுனு வருங்க.”

“அமுங்கினா சூடு, விரிஞ்சா குளிர். மேலேயும் அதுதான்.”

1952-ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் கருவிகளில் கண்டது இது: குளிர்காலத்தில் அடுக்குமண்டலம் திடீரென்று சூடாகிறது. துருவத்துக்கு மேலே சில நாளில் 40, 50 டிகிரிகூட ஏறும். கீழிருந்து எழும் காற்றுப் பேரலைகள் அங்கே உடைந்து, துருவத்தைச் சுற்றி வீசும் மேற்குக் காற்றுச் சுழலை முடக்குகின்றன. அதனால் காற்று இறங்கி அமுங்குகிறது. எவ்வளவு வேகத்தில்? கையாலேயே கணக்குப் போடச் சொன்னார் சார். நொடிக்கு 1 சென்டிமீட்டர் என்றால் நாளுக்கு 864 மீட்டர். இறங்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி. ஆக, நாளுக்கு 8 டிகிரிக்கு மேல்! எறும்பு ஊரும் வேகம்கூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து, துருவச் சுழல் இரண்டாகப் பிளந்த 2009 ஜனவரியை எடுத்தேன். செங்குத்து வேகத்தை அட்சரேகை நெடுகச் சராசரி எடுத்தால், சூடாகும் துருவத்தில் காற்று ஏறுவதாகக் காட்டியது. பல நாள் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. “அலை சுமந்து வந்த சூட்டைச் சேர்த்தியா?” என்றார் சார். ஆண்ட்ரூஸும் மெக்கின்டையரும் 1976-ல் வகுத்த முறை அதற்குத்தான். அந்தச் சூட்டையும் சேர்த்தபோதுதான் காற்று உண்மையில் இறங்குவது தெரிந்தது. இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே பெரியது இந்த ஒரு திருத்தம்.

துருவத்தில் இறங்குவதற்கு ஈடாக வெப்பமண்டலத்தில், நம் தலைக்கு மேலேயும், காற்று ஏறிக் குளிர்கிறது. பரப்பு பெரிது, அதனால் குளிர்வு சில டிகிரிதான். ஆந்திரத்தின் காதங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் செங்குத்துக் காற்றை நேராகவே அளக்கும். ஆனால் சுமார் 20 கிலோமீட்டருக்கு மேல் அடுக்குமண்டலத்தில் எதிரொலி கிடைப்பதில்லை. 30 கிலோமீட்டருக்கு மேலே, இரவில் லேசர் தரும் வெப்பநிலையை வைத்து மறுபடியும் கணக்குத்தான்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகளே, உலக வெப்பநிலைத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2009 ஜனவரியை எடுத்து, காற்று இறங்கும் வேகக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.