பிடித்தது என் கையல்ல

தைரியத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று என்னை அறிந்தவர்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போதெல்லாம், மரத்தடியை விட்டு நகராமல் நின்றவள் நான். பிள்ளைகள் முழங்கால் அளவு நீரில் இறங்கினாலே விசிலை ஊதிக் கரைக்கு அழைத்துவிடுவேன். "டீச்சருக்குத் தண்ணியில கண்டம்" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்ததும் என் காதில் விழுந்திருக்கிறது.

அந்தப் பயம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடியது. குழாயில் நீர் வராத நாட்களில் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். 1987-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டுச் சிறுமியோடு ஆற்றுக்குப் போனேன். எனக்கு 9 வயது, அவளுக்கு 7. "அக்கா, அக்கா" என்று நிழலைப் போல் என் பின்னாலேயே வருவாள். ஆற்று நீர் அன்று செம்மண் நிறத்தில் ஓடியது. மேலே எங்கோ பெருமழை பெய்திருக்கிறது என்பதை உணரும் வயதா எங்களுக்கு?

அவளுக்குக் கால் வழுக்கியது. நான் கையைப் பிடித்தேன். இருவரையும் நீர் இழுத்தது. ஒரு கையால் கரையோரத்து வேர் ஒன்றைப் பற்றிக்கொண்டேன். மறு கையில் அவள் கை இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பிறகு என் கை வெறுமையாக இருந்தது. மறுநாள் காலையில் பாலத்தருகே அவளைக் கண்டெடுத்தார்கள்.

"கை நழுவிடுச்சு" என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். நழுவியதா, அல்லது நானே விட்டேனா? விட்டுவிட்டேன் என்றே என் மனம் சொன்னது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்ததுதான் தண்ணீர்ப் பயமாக வளர்ந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்குப் புரிந்தது.

எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ஓய்வுநாள் பள்ளியில் படித்தேன். பின்னர் அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் செய்தேன். பயம் போகவேண்டும் என்று ஜெபித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. "பயப்படாதே" என்ற சொல் வேதாகமத்தில் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். ஆசிரியை அல்லவா! பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தேன். அந்தக் கணக்கு வரவில்லை. வந்திருந்தால்தான் என்ன? எண்ணிக்கையைக் கண்டு எந்தப் பயம் ஓடியிருக்கிறது?

இப்படியே 34 ஆண்டுகள் போயின.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் பலகாரம் செய்வதற்காக அம்மாவை அழைத்துக்கொண்டு, ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். 17-ஆம் தேதி தொடங்கிய மழை 18-ஆம் தேதி சனிக்கிழமையும் விடவில்லை. கோலாலம்பூரில் ஒரு மாதம் முழுவதும் பெய்யவேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியதாகப் பின்னர் அறிந்தோம். சனிக்கிழமை மாலை தண்ணீர் வாசலுக்கு வந்தது. முறுக்கு மாவைப் பிசைந்த கையோடு அரிசி மூட்டையை மேலே தூக்கினோம். இரவுக்குள் படிக்கட்டில் பாதி மறைந்துவிட்டது. மின்சாரமும் நின்றது. வேலைக்குப் போன தங்கையின் கணவர் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டார். மேல்மாடி அறையில் அம்மா, தங்கை, அவளுடைய 6 வயது மகள், நான் என நான்கு பேர்.

அந்த இரவில் என் பற்கள் தந்தியடித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எல்லாருக்கும் மூத்தவரான அம்மாதான் நிதானமாக இருந்தார். "பேதுரு தண்ணியில நடந்தாரே, அந்த அதிகாரத்தை வாசிம்மா" என்றார். கைப்பேசி வெளிச்சத்தில் மத்தேயுவின் 14-ஆம் அதிகாரத்தைப் பிரித்தேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கலிலேயாக் கடல் என்று சொன்னாலும் அது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம். கடல் மட்டத்துக்கும் 200 மீட்டருக்குமேல் தாழ்ந்து கிடக்கிறது. சுற்றிலும் மலைகள் இருப்பதால் திடீரென்று காற்று இறங்கி அலையைக் கிளப்பிவிடும். அப்படி ஓர் இரவில் இயேசு நீரின்மேல் நடந்து வருகிறார். பேதுரு படகை விட்டு இறங்குகிறார். காற்றைக் கண்டு பயந்து மூழ்கத் தொடங்குகிறார். பேதுரு யார்? அதே ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். தண்ணீரை அறிந்தவருக்கே பயம் வந்திருக்கிறது!

இந்தக் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அன்றிரவுதான் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். மூழ்கியவர் கூப்பிட்டார், அவ்வளவுதான். கையை நீட்டியவரும் பிடித்தவரும் இயேசுவே. அடுத்தது, ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வி, பிடித்த பிறகுதான் வருகிறது. நாங்கள் ஆசிரியர்கள் முதலில் கண்டித்துவிட்டுப் பிறகுதான் கைகொடுப்போம். அவரோ முதலில் பிடித்தார்.

அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். "அம்மா, அன்னிக்கு ஆத்துல அந்தப் பிள்ளை கை நழுவல. நான்தான் விட்டுட்டேன்" என்றேன்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு இருட்டிலே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "ஒம்பது வயசுப் பிள்ளை கையில என்னம்மா பலம் இருக்கும்? அந்தப் பிள்ளையோட அம்மாவே என்கிட்ட சொன்னா. உன் மகளாவது திரும்பி வந்தாளே, அவளைத் திட்டிடாதே அக்கான்னு சொல்லித்தான் அழுதா. நீ இதை இத்தனை வருஷமா மனசுல வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

மகளைப் பறிகொடுத்தவள் என்றோ மன்னித்துவிட்ட ஒன்றை, நான் 34 ஆண்டுகள் சுமந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு படகு வந்தது. மலாய் இளைஞர்கள் இருவர், யாரும் அனுப்பாமல் தாங்களாகவே வந்தவர்கள். சன்னல் வழியே இறங்கி, கார் கொட்டகைக் கூரையில் நின்று, அங்கிருந்து படகில் கால்வைக்க வேண்டும். முதலில் அம்மாவையும் தங்கையையும் இறக்கினார்கள். சின்னவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பெரியம்மா, கையை விட்டுட மாட்டீங்கதானே?" என்று கேட்டாள்.

வாசகர்களே, உலகத்தில் எந்தக் கேள்விக்கு நான் பயந்திருந்தேனோ அதையே குழந்தை கேட்டுவிட்டது. என் கால்கள் நடுங்கின. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். "ஆண்டவரே, என் கையை நம்பி என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நீர் எங்கள் இருவரையும் பிடித்துக்கொள்ளும்" என்று மனத்துக்குள் வேண்டினேன். "விடமாட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்துவைத்தேன்.

படகு ஆடியது. நான் சரிந்தேன். அந்த நொடியிலே இளைஞர் ஒருவர் என் மணிக்கட்டை இறுகப் பற்றி, குழந்தையோடு என்னை உள்ளே இழுத்துவிட்டார். "பெலான்-பெலான், ஆன்ட்டி" என்றார். மெதுவாக, மெதுவாக என்று அவர் சொன்னது பாட்டுப்போல் இருந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன். துயர் துடைப்பு மையத்தில், குருத்துவாராவில் சமைத்து வந்த சோற்றைச் சாப்பிடும்போது பார்த்தேன். மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்திருந்தன. பேதுருவின் கையிலும் இப்படித் தடம் பதிந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபித்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்குமேல் இறந்தார்கள். அவர்களும் தத்தம் தெய்வத்தை அழைத்திருப்பார்கள். 1987-இல் அந்தச் சிறுமியின் வீட்டிலும் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்ல நான் படித்த படிப்பு போதாது. விசுவாசம் ஆபத்தைத் தடுக்கும் தாயத்து அல்ல. எல்லாவற்றையும் என் கையே பிடித்திருக்கவேண்டும் என்ற பாரத்தை அது இறக்கிவைத்தது. பாரம் இறங்கியதும் பயத்தோடேயே கால் நகர்ந்தது. நான் அறிந்த அளவில் தைரியம் என்பது அவ்வளவுதான்.

உங்களுக்குள்ளும் ஒரு பயம் இருக்கலாம். அதன் அடியில் சொல்லாமல் விட்ட வார்த்தை ஏதேனும் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களை நேசிக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வணங்கும் இறைவனிடமும் சொல்லுங்கள். 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.

மூழ்கிய அதே பேதுரு, பின்னர் ஒரு நாள் கரையில் இயேசுவைக் கண்டதும் அதே ஏரியில் தாமாகவே குதித்தார் என்று யோவான் எழுதியிருக்கிறார். நான் குதிக்கவில்லை. இன்றும் எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் அடுத்த முறை போர்ட்டிக்சனுக்குப் போனபோது விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு முழங்கால் அளவு நீரில் நின்றேன்.

"டீச்சருக்குக் கண்டம் போயிடுச்சு!" என்று ஒரு பொடியன் கத்தினான்.

"போகலைடா, கூடவே கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.